சேக்ரமென்டோவுக்கு வரவேண்டிய பெண்கள் கால்பந்து அணி எங்கே போனது?

கேள்வி: பாலா, ஃபோல்சம்

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம்தான் டெக்சஸிலிருந்து ஃபோல்சமுக்குக் குடிவந்தோம். மகளுக்கு 13 வயது, கிளப் அணியில் லெஃப்ட் பேக் ஆடுகிறாள். பயிற்சி முடியக் காத்திருந்தபோது இன்னொரு பெண்ணின் அப்பா, “நம்ம ஊருக்கு 2022-லேயே பெண்களோட பெரிய லீக்கான என்டபிள்யூஎஸ்எல்-ல ஆடற அணி வந்திருக்கணும். அறிவிப்பெல்லாம் ஆச்சு, ஆனா ஒரு மேட்ச்கூட ஆடல” என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பேச்சு அதோடு நின்றது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த அணிக்கு என்ன பெயர், யாரெல்லாம் ஆடுவதாக இருந்தது, ஜெர்சி என்ன நிறம், ஏன் நிறுத்தினார்கள்? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் ஆண்கள் அணி, ரெயில்யார்ட்ஸ் ஸ்டேடியம் என்றுதான் செய்தி வந்து குவிகிறது. பெண்கள் அணியைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி, அவ்வளவுதான். ரொம்ப நாளாக இங்கே இருப்பவர்கள் விளக்கமாக எழுதினால் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். இனிமேலாவது வர வாய்ப்பு உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: மீனா, நடோமாஸ்

பாலா, உங்கள் மகளின் முதல் மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான். அந்த அணிக்குப் பெயர் வைக்கவே இல்லை. சின்னம் இல்லை, ஜெர்சி இல்லை, பயிற்சியாளர் இல்லை. ஒரு வீராங்கனைகூட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. ‘சேக்ரமென்டோ’ என்ற ஊர்ப்பெயர் மட்டும் சில மாதம் பேச்சில் இருந்தது. எனக்கு இந்த விஷயம் இன்னும் ஆறவில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

2021 ஜனவரி. கல்லூரி வீராங்கனைகளை அணிகள் எடுக்கும் டிராஃப்ட் நாள், கோவிட் காலம் என்பதால் எல்லாம் ஆன்லைனில் நடந்தது. அப்போது லீக்கின் கமிஷனராக இருந்த லிசா பேர்ட், 2022-இல் சேக்ரமென்டோவில் புது அணி வரும் என்று அறிவித்தார். பணம் போடுகிறவர் ரான் பர்க்கிள், அப்போது பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் உரிமையாளர்களில் ஒருவர். லாஸ் ஏஞ்சலஸின் ஏஞ்சல் சிட்டியும் அதே வருடம் வருவதாக ஏற்பாடு. பத்து வருடமாகக் கலிஃபோர்னியாவில் உயர்மட்ட லீக்கில் ஆடும் பெண்கள் அணி ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வருகிறது என்றதும் எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சேக்ரமென்டோ ரிபப்ளிக் ஆண்கள் அணியை ஆண்களின் உயர்மட்ட லீக்கான எம்எல்எஸ்ஸுக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கும் அதே பர்க்கிள்தான் முதன்மை முதலீட்டாளர். 2019 அக்டோபரில் எம்எல்எஸ் இந்த ஊரைச் சேர்த்துக்கொண்டது. நுழைவுத்தொகை மட்டும் 20 கோடி டாலர். அதற்கு மேல், டவுன்டவுன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய ரயில் பணிமனைகள் இருந்த ரெயில்யார்ட்ஸ் நிலத்தில் ஒரு புது ஸ்டேடியம். கோவிட் வந்தது, 2022 என்றிருந்தது 2023 ஆனது, செலவு ஏறிக்கொண்டே போனது. 2021 பிப்ரவரி 26 அன்று பர்க்கிள் விலகிவிட்டதாக எம்எல்எஸ் சொன்னது. பெண்கள் அணியை அறிவித்து அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

அன்றைக்கு ஊரே ஆண்கள் அணிக்காக வருத்தப்பட்டது, நானும்தான். பெண்கள் அணி என்ன ஆகும் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர், அவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. ஜூன் மாதம் விஷயம் வெளியே வந்தது. அணி வைக்கும் உரிமையோடு பர்க்கிள் சான் டியேகோ போய்விட்டார். 2015, 2019 என்று அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகளை அமெரிக்காவுக்கு வாங்கித் தந்த பயிற்சியாளர் ஜில் எல்லிஸ் புது கிளப்பின் தலைவர். இன்றைக்கு சான் டியேகோ வேவ் என்று உங்கள் மகள் பார்க்கும் அணி அதுதான்.

இப்படிச் செய்ய எப்படி முடிந்தது என்று அவள் கேட்பாள். இங்கே லீக் முறை அப்படி. இங்கிலாந்தில் போலக் கீழ் டிவிஷனில் ஆடி ஜெயித்து மேலே ஏறி வர முடியாது. லீக் ஒரு முதலீட்டாளருக்கு உரிமை கொடுக்கும், அவர் தொகை கட்டுவார், ஓர் ஊரில் அணி வைப்பார். உரிமை அவர் கையில், ஊர் கையில் அல்ல. அணி ஆடத் தொடங்குவதற்கு முன்பே ஊர் மாறினால், யாரும் ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டியதில்லை. கேட்கவும் இல்லை.

நான் பல பேரிடம் சொல்லிவரும் விஷயம் ஒன்று உண்டு. ஆண்கள் அணிக்கு ரெயில்யார்ட்ஸ் ஸ்டேடியம் இல்லாமல் எம்எல்எஸ் கிடையாது, சரி. பெண்கள் அணிக்கு அது தேவையே இல்லை. கால் எக்ஸ்போவில் ரிபப்ளிக் ஆடும் ஹார்ட் ஹெல்த் பார்க் 2014-லிருந்து இருக்கிறது, சுமார் 11,500 பேர் உட்காரலாம். கான்சாஸ் சிட்டி கரன்ட், பெண்கள் தொழில்முறை அணிக்கென்றே கட்டிய முதல் ஸ்டேடியம் என்று 2024-இல் திறந்து உலகமே பாராட்டியதே, அதன் அளவும் அதே 11,500. கட்டடத் தரத்தில் இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. அவர்களுடையது அழகு, நம்முடையது பொருட்காட்சி மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் அலுமினிய பெஞ்சு. ஆனால் 2022-இல் ஓர் அணி ஆட அது தாராளமாகப் போதும்.

அந்த பெஞ்சில் நீங்கள் ஒருமுறையாவது உட்கார வேண்டும் பாலா. 2022 ஜூலையில் யு.எஸ். ஓபன் கோப்பை அரையிறுதி, இரண்டாம் டிவிஷன் ரிபப்ளிக்கும் எம்எல்எஸ்ஸின் ஸ்போர்டிங் கான்சாஸ் சிட்டியும். பகல் வெயிலில் பெஞ்சு கொதித்துக் கிடந்தது, உட்கார்ந்தால் துணியைத் தாண்டிச் சுட்டது. டவர் பிரிட்ஜ் பட்டாலியன் ரசிகர்கள் நிறுத்தாமல் மேளம் அடித்தார்கள், நாங்கள் எல்லோரும் காலால் தகரத்தில் மிதித்தோம். நேரம் ஏற ஏற டெல்டா காற்று வீசியது, பெஞ்சும் ஆறியது. கோல் இல்லாமல் பெனால்டி வரை போய் ஜெயித்தோம். என் முன் வரிசையில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்கள் ஒரு கூட்டமாக, தங்கள் கிளப் ஜெர்சியோடு, தொண்டை கட்டிப்போகும் வரை கத்தினார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அதே புல்லில் அதே வருடம் பெண்கள் ஆடியிருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் எனக்கு அன்றைக்கு முழுக்க.

பணக்கணக்கைப் பார்த்தால் இன்னும் வேதனை. எம்எல்எஸ்ஸுக்கு 20 கோடி டாலர். பெண்கள் லீக்கில் சேர சான் டியேகோவுக்குக் கட்டியதாகச் செய்திகளில் வந்த தொகை 20 லட்சம் டாலர். நூற்றில் ஒரு பங்கு. பெரிய திட்டம் சாய்ந்தபோது, தன் காலில் நிற்கக்கூடிய சின்னத் திட்டத்தையும் அதோடு கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் என் கருத்து. முதலிலிருந்தே அதை ஆண்கள் அணியின் ஓர் இணைப்பாகத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நகரசபை, பத்திரிகைகள், ரசிகர்களாகிய நாங்கள், எல்லோருமே.

இந்த ஊருக்குப் பெண்கள் கால்பந்து புதிதும் அல்ல. டபிள்யூபிஎஸ்எல் என்று நாடு முழுக்க நடக்கும் பெண்கள் லீக் இருக்கிறதே, அதைத் தொடங்கியது நம் ஊர் கலிஃபோர்னியா ஸ்டார்ம் கிளப்பை நடத்தியவர். அமெரிக்காவின் முதல் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூயூஎஸ்ஏ மூடிய பிறகு பிராண்டி சாஸ்டெய்னும் பிரேசிலின் சிஸியும் ஸ்டார்முக்கு ஆடினார்கள். 1999 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், ரோஸ் பவுலில் 90,185 பேர் முன்னால், கடைசி பெனால்டியை அடித்த அதே சாஸ்டெய்ன். அமெரிக்க அணியின் நட்சத்திரம் மேகன் ரபினோ பள்ளிப் பருவத்தில் ரெடிங்கிலிருந்து இரண்டரை மணிநேரம் காரில் வந்து எல்க் குரோவ் பிரைட் கிளப்புக்கு ஆடினார். எல்க் குரோவ் உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம்தான். உங்கள் மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

பதில்: கார்த்தி, ஹேவர்ட்

மீனா அக்கா எழுதியதில் தகவல் எதையும் மறுக்கவில்லை. ஆனால் அணி வந்து செத்துப்போவதைப் பார்த்தவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் ஊரில், அப்போதைய உயர்மட்டப் பெண்கள் லீக்கான டபிள்யூபிஎஸ்ஸில் ஆடிய எஃப்சி கோல்ட் பிரைட் இருந்தது. 2010 சீசனில் இங்கே கால் ஸ்டேட் ஈஸ்ட் பே மைதானத்தில்தான் ஆடினார்கள், எங்கள் வீட்டிலிருந்து மேடேறினால் வந்துவிடும். மார்தா, கிறிஸ்டின் சின்க்ளேர், கெல்லி ஓ’ஹாரா எல்லோரும் ஒரே அணியில். அன்றைக்கு உலகத்தில் இதைவிட நல்ல பெண்கள் அணி இருந்திருக்குமா என்பது சந்தேகம். செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவை 4-0 என்று அடித்துக் கோப்பை வாங்கினார்கள். நவம்பரில் கிளப்பை மூடினார்கள். பணம் போட ஆளில்லை, அவ்வளவுதான் காரணம். மார்தாவுக்கு இது இரண்டாவது அடி. அதற்கு முந்தைய வருடம் அவர் ஆடிய லாஸ் ஏஞ்சலஸ் சோலும் மூடப்பட்டது. 2012-இல் அந்த லீக்கே போய்விட்டது.

போஸ்டன் பிரேக்கர்ஸ் கதை இன்னும் கொடுமை. 2018 ஜனவரி டிராஃப்டில் புது வீராங்கனைகளை எடுத்தார்கள், சவானா மெக்காஸ்கில் அவர்களில் ஒருவர். மேடையேறி, துண்டை கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொண்ட அதே மாதம் கிளப் மூடியது. அந்தப் பிள்ளைகளை வேறு அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். போஸ்டனுக்காக ஒரு நிமிடம்கூட ஆடாமல் போஸ்டனை விட்டுப் போனவர்கள் அவர்கள்.

அதனால்தான் கேட்கிறேன் அக்கா. கையில் பணம் சுருங்கிப் போன ஒருவர் 2022-இல் கால் எக்ஸ்போவில் அரைமனதோடு ஓர் அணியைத் தொடங்கி, இரண்டு வருடத்தில் கைவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமா? வேலை, வீடு எல்லாம் மாற்றிக்கொண்டு வருகிற இருபத்தைந்து பெண்களின் வாழ்க்கை அது.

பதில்: மீனா, நடோமாஸ்

கார்த்தி தம்பி, கோல்ட் பிரைடைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. வீராங்கனைகள் பக்கத்திலிருந்து யோசிப்பது நியாயம்தான்.

ஆனால் பர்க்கிளிடம் பெண்கள் அணிக்குப் பணம் இல்லாமல் போகவில்லை. சான் டியேகோவில் அதே உரிமையை வைத்து நல்ல பயிற்சியாளர், நல்ல வீராங்கனைகள் என்று ஒழுங்காகச் செலவு செய்திருக்கிறார். அந்த அரைமனது சேக்ரமென்டோவின் மேல்தான். கான்சாஸ் சிட்டியையும் பாருங்கள். 2020 டிசம்பரில் யூட்டா ராயல்ஸின் வீராங்கனைகளை எடுத்துக்கொண்டு, கிளப்புக்குப் பெயர்கூட வைக்காமல், ஒரு பேஸ்பால் மைதானத்தில் 2021 சீசனை ஆடினார்கள். மோசமான சீசன்தான். ஆனால் அந்த ஊரிலேயே இருந்து நடத்த வேண்டும் என்று நினைத்த உரிமையாளர்கள் இருந்தார்கள், மூன்று வருடத்தில் சொந்த ஸ்டேடியம் கட்டிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் நாலு பேர் பங்குக்கு வந்திருந்தால் நமக்கும் அது முடிந்திருக்கும். அப்போது விலை 20 லட்சம் டாலர். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பதில்: சுதா, மிரா மேசா

நான் சான் டியேகோ. வேவ் அணிக்கு முதல் சீசனிலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன். இந்த அணி முதலில் சேக்ரமென்டோவுக்கு அறிவிக்கப்பட்டது என்பது இந்த இழையைப் படிக்கும் வரை எனக்குத் தெரியவே தெரியாது. இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எங்களுக்குக் கிடைத்ததை எழுதுகிறேன், யாரையும் நோகடிக்க அல்ல. முதலில் பல்கலைக்கழகத்தின் டொரேரோ ஸ்டேடியத்தில் ஆடினார்கள், 6,000 பேர் கொள்ளும் இடம். 2022 செப்டம்பரில் ஸ்னாப்டிராகன் ஸ்டேடியம் திறந்து முதல் ஆட்டம் ஏஞ்சல் சிட்டியோடு. 32,000 பேர், அன்றைக்கு அது லீக் சாதனை. அலெக்ஸ் மோர்கன் ஆடிய காலத்தில் அவர் பந்தைத் தொட்டாலே கூட்டம் எழுந்து நிற்கும். ஆனால் நான் பார்க்கப் போனது டிஃபெண்டர் நயோமி கிர்மாவை. எதிராளி வேகமாக ஓடி வரும்போது அவர் பதறவே மாட்டார். ஓர் அடி பின்னால் போய், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் காத்திருப்பார், எதிராளி பந்தைக் கொஞ்சம் தள்ளித் தட்டிய அந்த நொடியில் காலை நீட்டி எடுத்துவிடுவார். கீழே விழுந்து புரண்டு எடுப்பதெல்லாம் கிடையாது. பாலா சார், உங்கள் பெண் டிஃபெண்டர் என்கிறீர்கள், அவருடைய ஆட்டங்களைத் தேடிப் போட்டுக் காட்டுங்கள். சான் ஹோசேயில் எத்தியோப்பியக் குடும்பத்தில் பிறந்தவர், அப்பா தங்கள் சமூகப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கிளப்பில்தான் ஆடப் பழகினார். 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சி கிளப் அவரை வாங்கியபோது, 10 லட்சம் டாலரைத் தாண்டி விலைபோன முதல் பெண் ஆட்டக்காரர் ஆனார். நான் அன்று அழுதுவிட்டேன்.

2023-இல், லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தரும் ஷீல்டும் வாங்கினோம். 2024-இல் லெவின் லைட்மன் குடும்பத்துக்கு பர்க்கிள் கிளப்பை விற்க முன்வந்தபோது பேசிய மதிப்பு 11.3 கோடி டாலர். மீனா, நீங்கள் சொன்ன 20 லட்சத்தோடு வைத்துப் பார்த்தேன். உங்கள் ஊரில் இது எப்படி உறுத்தும் என்று இப்போது புரிகிறது.

பதில்: மீனா, நடோமாஸ்

சுதா, உங்கள் மேலோ வேவ் வீராங்கனைகள் மேலோ துளி வருத்தமும் இல்லை. கிர்மாவைப் பற்றி எழுதினீர்களே, அதற்கே நன்றி.

பாலாவின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இனி வருமா? விலையைப் பாருங்கள். 2024-இல் ஆடத் தொடங்கிய சான் ஹோசேயின் பே எஃப்சி கட்டியது 5.3 கோடி டாலர். 2025 ஜனவரியில் டென்வருக்கு 11 கோடி. நம் ஊருக்கு இது லேசான தொகை அல்ல. நம்பிக்கைக்கு இடம் தருவது ஒன்றுண்டு. 2024 நவம்பரில் வில்டன் ரான்சேரியா பழங்குடி மக்கள் ரிபப்ளிக்கின் பெரும்பங்கை எடுத்தார்கள். ரெயில்யார்ட்ஸில் 12,000 பேருக்கு ஒரு ஸ்டேடியம் கட்டி, தேவைப்பட்டால் 20,000 வரை விரிப்பது திட்டம். வில்டன் எல்க் குரோவ் பக்கத்து ஊர், இவர்கள் இந்த மண்ணின் மக்கள், மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகப் போவதில்லை. ஆகவே அங்கே பெண்கள் அணிக்கும் இடம் வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். டிரஸ்ஸிங் ரூம் எத்தனை, ஆட்ட நாட்கள் எப்படி ஒதுக்குவார்கள் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கும்போது மாற்றலாம், கான்கிரீட் போட்ட பிறகு முடியாது. நகரசபைக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச இரண்டு நிமிடம் தருவார்கள். நான் போய்ப் பேசுகிறேன். உங்கள் மகளையும் ஒருநாள் அழைத்து வாருங்கள், ஆடுகிற பிள்ளை பேசினால் கேட்பார்கள்.

பதில்: பாலா, ஃபோல்சம்

மீனா, கார்த்தி, சுதா மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். பெயர் வைக்கவே இல்லை என்ற இடத்தில் “ஒரு பெயர்கூடவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ரபினோ எல்க் குரோவில் ஆடினார் என்றதும் உடனே போனில் மேப்பைத் திறந்து தூரம் பார்த்தாள். நகரசபையில் பேசத் தயார் என்கிறாள், நாங்கள் ஃபோல்சம் என்பதால் விடுவார்களா என்று மட்டும் சொல்லுங்கள். அதுவரைக்கும் ஒரு நல்ல ஆட்டம் நேரில் காட்ட வேண்டும். பே எஃப்சி பார்க்கப் போவதென்றால் எப்படிப் போவது?

பதில்: மீனா, நடோமாஸ்

பொதுமக்கள் நேரத்தில் யாரும் பேசலாம், எந்த ஊர் என்று தடுக்க மாட்டார்கள். ஸ்டேடியம் பற்றி அஜெண்டாவில் வரும்போது இங்கே எழுதுகிறேன்.

பே எஃப்சி ஆடுவது சான் ஹோசே பேபால் பார்க்கில். அதைத் தொடங்கிய நால்வரில் சாஸ்டெய்னும் ஒருவர், அதையும் அவளிடம் சொல்லுங்கள். காரில் போனால் ஐ-680 பக்கம் வெள்ளிக்கிழமை மாலை மாட்டிக்கொள்ளாதீர்கள். பகல் ஆட்டமாக இருந்தால் ரயில் சுகம். ஃபோல்சமிலிருந்து கோல்ட் லைன் பிடித்து சேக்ரமென்டோ ரயில் நிலையம் வாருங்கள், அங்கே கேபிடல் காரிடார் ஏறி சான்டா கிளாரா யூனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கேபிடல் காரிடாரில் மட்டும் கிட்டத்தட்ட மூன்று மணிநேரப் பயணம், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். இரவு ஆட்டமென்றால் திரும்பி வர ரயிலை நம்ப வேண்டாம், காரில்தான் போக வேண்டும். வேவ் வரும் நாளாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள், நானும் வருகிறேன்.